இரண்டாண்டுப் படிப்பும் பல்லாண்டுப் பதிவேடும்

எம்.வி.எஸ்சி. படிப்புக்கு இரண்டு ஆண்டு. ஒரு காங்கேயம் கிடாரி பிறந்து, வளர்ந்து, முதல் கன்றை ஈனுவதற்கு மூன்றரை, நான்கு ஆண்டு ஆகிவிடும். மாணவர் சேர்ந்த அன்று பிறந்த கன்று தாயாகும்போது அவர் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், அநேகமாகக் கல்யாணமும் முடித்திருப்பார். கால்நடை உற்பத்தி சார்ந்த முதுகலைக் கல்வியில் தொடக்கத்திலிருந்தே உதைக்கும் கணக்கு இது. இதை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி எப்படிச் சமாளித்தது என்று சொன்னாலே நம் கல்லூரியின் முதுகலை வரலாற்றில் பாதியைச் சொன்னதாகிவிடும். மறுபாதியை, அதாவது முதல்வர்கள் வரிசையையும் கட்டடத் திறப்பு விழாக்களையும், மலரின் மற்றப் பக்கங்கள் பார்த்துக்கொள்ளும்.

ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சைதாப்பேட்டையில் 1876-இல் ஏற்பட்ட வேளாண் கல்லூரியில் கால்நடை மருத்துவமும் கற்பிக்கப்பட்டது. வேப்பேரி டாபின் ஹாலில் 1903 அக்டோபர் 1 அன்று 20 மாணவர்களோடு தனிக் கல்லூரி தொடங்கியது. அன்று கொடுத்தது ஜி.எம்.வி.சி. என்ற டிப்ளமோ. 1930-களின் நடுவில் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பி.வி.எஸ்சி. பட்டம் வந்தது. இந்தியாவில் பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நம்முடையதுதான். 1958-இல் முதுகலை. 1976-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பானோம். 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், நாட்டிலேயே இத்துறைக்கென ஏற்பட்ட முதல் பல்கலைக்கழகம், பிறந்தது.

இந்த வரிசையில் நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது 1958. கல்லூரி தொடங்கிய காலத்தில் அரசுக்கு வேண்டியிருந்தது கொள்ளைநோயை அடக்கும் ஆட்கள். வெக்கை நோய் ஒரு ஊரில் புகுந்தால் தொழுவமே காலியாகும். அதற்கான சீரமும் தடுப்பூசியும் போடத் தெரிந்தவர்கள் மாவட்டம்தோறும் தேவைப்பட்டார்கள். ராணிப்பேட்டையில் 1932-இல் சீரம் நிலையம் வந்ததும் அந்தத் தேவையை ஒட்டித்தான். சுதந்திரத்துக்குப் பிறகு கேள்வி மாறிற்று. மாடு சாகாமல் இருந்தால் போதாது, பால் கறக்க வேண்டும் என்றார்கள். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் வந்த கீ வில்லேஜ் திட்டம் பொலிகாளைகளையும் செயற்கை முறைக் கருவூட்டலையும் கிராமத்துக்குக் கொண்டுபோனது. எந்தக் காளை, எந்தப் பசுவுக்கு, எந்தத் தீவனத்தில், எவ்வளவு பால் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். இளநிலைப் பட்டதாரியின் பாடத்தில் அதற்கு விடை போதவில்லை. அதே 1958-இல் வடக்கே இசத்நகரிலும் முதுகலைக் கல்லூரி தொடங்கியது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் உணர்ந்த குறை அது என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் முதுகலை என்றால் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் தீசிஸ். இரண்டு ஆண்டில் பாடங்களை முடித்து, கைடு சொல்லும் தலைப்பை ஆலோசனைக் குழு ஏற்று, வேலையைச் செய்து, எழுதி, வைவாவும் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்கென்று கையில் மிஞ்சுவது ஒரு வருடம் இருந்தால் அதிகம். வெள்ளாடும் செம்மறியும் சினை தாங்குவது ஐந்து மாதம். பசு ஒன்பது மாதத்துக்கு மேல், எருமை பத்து மாதத்துக்கு மேல். ஒரு தலைமுறையைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாத அவகாசத்தில் மரபியல் படிப்பது எப்படி?

ஒரு வழி, சீக்கிரம் தலைமுறை மாறும் உயிரைப் பிடிப்பது. ஜப்பானியக் காடை முட்டையிலிருந்து 17, 18 நாளில் வெளியே வரும். ஆறேழு வாரத்தில் தானே முட்டையிடும். வருடத்துக்கு மூன்று, நான்கு தலைமுறை பார்த்துவிடலாம். நந்தனத்திலும் நாமக்கல்லிலும் எத்தனையோ மரபியல் மாணவர்கள் காடையில் கரையேறினார்கள் என்பது ரகசியமில்லை. காடைக்கறி ருசி அதற்குக் காரணமில்லை என்று சொன்னால் நம்புங்கள்.

இன்னொரு வழிதான் பெரிது. நமக்கு முன் இருந்தவர்கள் எழுதி வைத்ததைப் படிப்பது.

அப்படி எழுதி வைத்த இடங்களில் ஒன்று காட்டுப்பாக்கம். போரூர்ப் பக்கம் இருப்பதை நினைத்துவிட வேண்டாம். பொத்தேரியில் ரயிலை விட்டு இறங்கிப் போகும் காட்டுப்பாக்கம். அங்குள்ள கால்நடைப் பண்ணையில் எடை போடும் காலைகளை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. முந்தின நாள் மாலையோடு தீவனம் நிறுத்தப்பட்டிருக்கும். விடிந்ததும், தண்ணீர் காட்டும் முன், பட்டியிலிருந்து ஒவ்வொன்றாக ஆடுகளைப் பிடித்துக் கொடுப்பார்கள். குட்டியைத் துணித் தொட்டிலில் இட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டினால் உதறும். முள் நிலைக்கும் வரை காத்திருந்து ஒருவர் கிலோவைச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். பதிவேட்டுப் பக்கத்தில் காதுவில்லை எண், தாய் எண், தந்தை எண், பிறந்த தேதி, ஒற்றையா இரட்டையா, பிறப்பு எடை, மூன்று மாதம், ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாத எடை. கடைசிக் கட்டத்தில் குறிப்பு: விற்பனை, கழிவு, இறப்பு. வில்லை கழன்று விழுந்த குட்டி வந்துவிட்டால் வேலை நிற்கும். அப்போது பண்ணையில் ஆடு மேய்த்தவர் வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, இது இன்ன ஆட்டின் குட்டி என்பார். அவிழ்த்துவிட்டால் நேரே அந்த ஆட்டின் மடிக்கே போகும். முதுகலை மாணவர் எழுதுவார், மேய்ப்பவர் சொல்வார். தீசிஸின் நன்றியுரையில் கைடுக்கு ஒரு பத்தி இருக்கும். இவருக்கு, பல நேரம், "பண்ணை ஊழியர்கள்" என்ற இரண்டு சொல்லில் ஒரு பங்கு.

இந்தப் பதிவேடுகளின் மதிப்பு சாண்டிநல்லாவில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் வழியிலுள்ள செம்மறி ஆராய்ச்சி நிலையம் அது. நீலகிரி செம்மறி, தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி தரும் இனம். மலையில் அதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்ட நிலையில் இந்த நிலையத்து மந்தைதான் இனத்துக்கு அரண். மெரினோ, ராம்புயே கிடாக்களை நீலகிரிப் பெட்டைகளோடு சேர்த்து உருவாக்கிய சாண்டினோ இங்குதான் பிறந்தது. அதில் அயல் இரத்தம் 5/8 பங்கு, நீலகிரி இரத்தம் 3/8 பங்கு. காகிதத்தில் இது எளிய பின்னம். முதலில் அரைக் கலப்பு. அரையை மறுபடி அயல் கிடாவோடு சேர்த்தால் முக்கால் கலப்பு. அரையும் முக்காலும் சேர்ந்தால் 5/8. மந்தையில் அதற்கு ஒவ்வொரு படிக்கும் ஒரு தலைமுறை. பிறகு அந்தப் பங்கு குலையாமல் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கிப் பார்க்க இன்னும் சில தலைமுறை. எந்த ஒரு மாணவரும் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒருவர் கம்பளியின் தடிமனை அளந்தார், ஒருவர் குட்டிகளின் வளர்ச்சியைக் கணக்கிட்டார், பின்னால் வந்தவர்கள் குடற்புழுவை எந்தக் கிடாவின் வாரிசுகள் நன்றாகத் தாங்குகின்றன என்று புழுக்கையில் புழு முட்டைகளை எண்ணினார்கள். எல்லாருக்கும் அடியில் இருந்தது ஒரே பதிவேடு.

பதிவேட்டிலிருந்து விடை எடுக்கும் வேலையும் சும்மா இல்லை. கைப்பிடி சுற்றும் ஃபேசிட் கணக்கு இயந்திரத்தில் வர்க்கங்களைக் கூட்டிய தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. ஒரு எண் தவறினால் ராத்திரி முழுக்க மறுபடி சுற்ற வேண்டும். பிறகு கணினி வந்தது. ஹார்வியின் குறைந்த வர்க்க முறை நிரல் வந்தது. ஆண்டு, பருவம், குட்டியின் பாலினம், தாயின் வயது என்று ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்து, மிச்சத்தில் கிடாவின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இந்திய மரபியல் தீசிஸ்களில் ஹார்வி பெயர் இல்லாததைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்றைய மாணவர் மடிக்கணினியில் நிமிடத்தில் முடிக்கிறார். ஆனால் எண்களின் தரம் தராசு முள் நிலைக்கும்வரை காத்திருந்தவரின் பொறுமையில்தான் இன்றும் இருக்கிறது.

உணவியல் மாணவர்களுக்குப் பழைய பதிவேடு அவ்வளவு வேண்டாம். அவர்களுக்கு வேறு வகைச் சோதனை. செரிமானப் பரிசோதனை என்றால் முதலில் ஏறக்குறைய மூன்று வாரம் புதுத் தீவனத்துக்கு ஆட்டைப் பழக்க வேண்டும். அடுத்து ஒரு வாரம் போட்ட தீவனம், மிச்சம் வைத்த தீவனம், போட்ட புழுக்கை, பெய்த சிறுநீர் அத்தனையும் 24 மணி நேரக் கணக்கில் எடை போட வேண்டும். அதில் ஒரு பங்கை எடுத்து அடுப்பில் உலர்த்தி, இன்னொரு பங்கில் நைட்ரஜன் ஆவியாகாமல் அமிலம் சேர்த்து வைத்து, பிறகு கெல்டால் முறையில் புரதம் பார்க்க வேண்டும். அந்த வாரம் விடுதி அறைத் தோழர்கள் கொஞ்சம் தள்ளியே படுப்பார்கள். இப்படிச் சேர்ந்த எண்கள்தான் எந்தப் பகுதித் தீவனத்தில் எந்தச் சத்து குறைவு என்று காட்டின. அந்தந்தப் பகுதிக்கு ஏற்ற தாது உப்புக் கலவை இன்று விவசாயி கையில் பொட்டலமாகக் கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

மரியாதை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். முதுகலையில் சேரும்போது சர்ஜரி, கைனக், மெடிசின் முதலில் நிரம்பும். உற்பத்தி மேலாண்மையும் இனவிருத்தியும் பலருக்கு இரண்டாம் விருப்பம். தேர்வாணையம் கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு எப்போது அழைக்கும் என்று காத்திருக்கும் இடமாகவே பி.ஜி.யை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆணை வந்ததும் தீசிஸைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், குடும்பம் சாப்பிட வேண்டும். ஆனால் விலங்கறிவியல் பிரிவுகளைச் சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கீழே வைக்கும் மனப்பழக்கம் தவறு. மருத்துவர் ஒரு மாட்டைக் காப்பாற்றுவார். பொலிகாளையைச் சரியாகத் தேர்ந்தவர் பிறக்கப்போகும் ஆயிரக்கணக்கான கன்றுகளின் மடியை முடிவு செய்கிறார். இரண்டும் ஒரே கல்லூரியின் வேலை.

சிகிச்சைப் பிரிவினரும், உண்மையில், எடுத்து வைத்ததை நம்பித்தான் வாழ்கிறார்கள். 1987-இல் விழுப்புரம் பக்கம் அரசூரில் செம்மறிகளைத் தாக்கிய நோய், வெக்கை போலத் தோன்றினாலும் வேறு வைரஸால் வந்தது என்று கண்டறியப்பட்டது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் இருப்பது அப்போதுதான் முதன்முறை தெரிந்தது. அன்று அந்த ஊர் ஆடுகளிடமிருந்து எடுத்துப் பாதுகாத்த வைரஸ்தான், அரசூர் 87 என்ற பெயரிலேயே, பின்னாளில் நம் பல்கலைக்கழகத்தின் தடுப்பூசி வகையாயிற்று. மாதிரியை யாராவது அன்றே கொட்டியிருந்தால் அந்த ஊசி இல்லை.

இப்போது கல்லூரிகள் பெருகிவிட்டன. நாமக்கல் 1985-இல் வந்தது. ஒரத்தநாடும் திருநெல்வேலியும் 2012-இல். 2020-இல் சேலம் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை. பர்கூருக்கும் மானாமதுரைக்கும் அந்தந்த மண்ணின் மாட்டினங்களுக்கான ஆராய்ச்சி நிலையங்கள் வந்துள்ளன. நல்ல செய்தி. இடம் கூடினால் மாணவர் கூடுவார். ஆனால் மந்தை ஒரே நாளில் கூடாது. புதிய நிலையத்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தை இன்று எழுதுபவர், அதிலிருந்து முழுப் பயன் பெறப்போகும் மாணவர் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்பதை நினைத்து எழுத வேண்டும்.

முன்னாள் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் தீசிஸ்கள் இப்போது கிருஷிகோஷ் போன்ற மின்களஞ்சியங்களில் ஏறுகின்றன. அவற்றில் இருப்பது சராசரிகளும் அட்டவணைகளும் மட்டுமே. மூல எண்கள், அதாவது நாம் தராசுக்குப் பக்கத்தில் நின்று எழுதிய நோட்டுகள், பெரும்பாலும் நம் வீட்டு அலமாரிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. காட்டுப்பாக்கம், ஓசூர், சாண்டிநல்லா, நந்தனம் என்று எந்தப் பண்ணையில் எடுத்ததானாலும் அந்த நோட்டைத் தேடி எடுங்கள். உங்கள் பெயர், ஆண்டு, மந்தை, அளந்த முறை ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதி, நீங்கள் படித்த துறைக்கு அனுப்பிவையுங்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, மிச்சம் இருப்பதை அனுப்புங்கள்.