முதுகெலும்பு வைத்தியமும் முதியவர் கொடுத்த பணமும்

சுளுக்கு வழிப்பவரை நம் தோட்டங்களில் அறியாதார் இலர். அதுபோன்றதொரு கைவேலை அமெரிக்காவிலே கல்லூரியும் பட்டமும் பெற்று, சிறையும் கண்டு, ஈற்றில் சர்க்கார் கஜானாவின் வாயில் வரை சென்ற வரலாறு நம்மவர் அறியத்தக்கதாகும். கைரோப்பிராக்டிக் என்பது அதன் பெயர்.

அயோவா மாகாணத்து டேவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துவந்தவர் டி. டி. பால்மர். 1895-ம் ஆண்டு செப்டம்பரில், அக்கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகெலும்புக் கணு ஒன்றைத் தாம் அழுத்திச் சரிசெய்ததாகவும், 17 ஆண்டுகள் கேளாதிருந்த அவருக்குக் காது கேட்டதாகவும் பால்மரே எழுதி வைத்தார். நோய்களிற் பெரும்பாலானவை கணு பிசகி நரம்பை நெருக்குவதால் வருவன என்பது அவர் கொள்கை. பகுத்தறிவுக்கு இது ஒவ்வாது. காதுக்குரிய நரம்பு மூளையிலிருந்து நேரே செவிக்குச் செல்கிறதேயன்றி முதுகெலும்பின் வழியாகச் செல்வதன்று. ஆனால் இடுப்புவலிக்கு இக்கைவேலை ஓரளவு பயன் தருவதைப் பின்வந்த சோதனைகள் காட்டியுள்ளன. மெய்யையும் பொய்யையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்றதே பால்மர் செய்த பிழை.

அனுமதியின்றி வைத்தியஞ் செய்தாரென்று 1906-ல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. அபராதங் கட்ட மறுத்துச் சிறை புகுந்தார். 23 நாள் கழித்து, கட்டிவிட்டு வெளியே வந்தார்! அவருக்குப் பின் சிறை சென்றோர் பலர். மாகாணங்கள் ஒவ்வொன்றாக இத்தொழிலை அங்கீகரித்தன. கடைசி மாகாணமான லூசியானா இணங்கியது 1974-ல்.

இதற்கிடையே, அமெரிக்க மருத்துவச் சங்கம் போலி வைத்திய ஒழிப்புக்கென 1963-ல் ஒரு குழுவை அமைத்தது. இவர்களோடு நோயாளியைப் பற்றிக் கலந்து பேசுவதும் டாக்டர்களுக்குக் குற்றமாயிற்று. 1976-ல் செஸ்டர் வில்க் முதலியோர் வழக்குத் தொடுத்தனர். 1987-ல் நீதிபதி சூசன் கெட்சென்டானர், சங்கஞ் செய்தது வியாபாரப் போட்டியைத் தடுக்கும் சட்டவிரோதச் செயலென்று தீர்ப்பளித்தார். வைத்தியம் மெய்யா பொய்யா என்பதைத் தாம் தீர்மானிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டார். நோயாளிக்கு வேண்டியிருந்ததோ அந்த விடைதான்.

இனி, பணத்தின் கதைக்கு வருவோம். முதியோர்க்கென 1965-ல் ஏற்பட்ட மெடிக்கேர் என்னும் சர்க்கார் இன்ஷூரன்ஸில், 1972-ம் ஆண்டுச் சட்டத்தால் இவ்வைத்தியத்துக்கும் இடம் கிடைத்தது. கணக்குப் புத்தகத்தோடு காலந்தள்ளும் எனக்கு இங்கேதான் வியப்பு மிகுந்தது. கணு பிசகியிருப்பதை எக்ஸ்ரே படத்தால் காட்டினாலன்றிப் பணம் இல்லையென்றது விதி. அப்படத்தைக் கைரோப்பிராக்டர் எடுத்தால் அதற்குப் பணந் தருவதில்லையென்றது அதே விதி! சர்க்கார் கேட்ட அத்தாட்சிக்குக் கூலி கொடுத்தவர், முதுகு வளைந்த கிழவரும் கிழவியுமே. 2000-ம் ஆண்டு பிறந்தபோதுதான் எக்ஸ்ரே நிபந்தனை நீங்கிற்று. ஏறத்தாழ இருபத்தைந்தாண்டுக் காலம், எத்தனை குடும்பங்களின் பணம் இவ்வாறு போயிருக்கும்!

இன்றும் மெடிக்கேர் அவ்வைத்தியரிடம் கொடுப்பது முதுகெலும்பைக் கையால் சரிசெய்வதற்கு மட்டுமே. அதிலும் ஆண்டுத் தொடக்கக் கழிவு போக ஐந்தில் ஒரு பங்கு நோயாளியினுடையது. அவர் செய்யும் பரிசோதனைக்கும் எடுக்கும் படத்துக்கும் முதியவர் தம் பையிலிருந்தே கொடுக்கிறார்.