தாழியில் இட்ட நெல்

நவம்பர் பிறந்துவிட்டால் நமது கல்லறைத் தோட்டங்கள் ஆள் நடமாட்டம் பெற்றுவிடுகின்றன. களை பறிக்கப்படும், சிலுவைகளுக்கு வெள்ளை பூசப்படும், கல்லறைத் திருநாளன்று மாலை மெழுகுதிரி ஒளியில், ஆண்டு முழுதும் மறந்திருந்த பெயர்களை எல்லாம் எழுத்துக் கூட்டி வாசிப்போம். அப்படியொரு மாலையில், புனித நாட்டுப் பயணம் முடித்து எகிப்துக்கும் சென்று திரும்பிய பெரியவர் ஒருவர் ஆறுமுகநேரியில் நம்மைக் காண வந்தார். நைல் நதியில் நான்கு நாள் கப்பலில் சென்று, வழிகாட்டி ஒருவர் விளக்கிச் சொல்லச் சொல்லக் கோயில்களையும் கல்லறைகளையும் கண்டு வந்த வியப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியவர் கடைசியில் இவ்வாறு கேட்டார்: “சாமி, செத்தவங்களுக்கு எப்படி வீடு கட்டணும்னு தெரிஞ்ச ஜனங்க அவங்க. நம்ம பக்கத்துல அப்படி என்ன இருக்கு?”

அன்று நாம் சிரித்து மழுப்பினோம். ஆனால் அக்கேள்வி நம்மை விடவில்லை. அதற்கு விடை தேடி இரண்டு நதிகளின் கரைகளில் நடந்து பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

நைலின் இரு கரைகள்

எகிப்தின் லக்சர் நகருக்கும் அஸ்வான் நகருக்கும் இடையே நைல் நதி ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் ஓடுகிறது. பயணக் கப்பல்கள் பெரும்பாலும் இவ்விடைவெளியில்தான் செல்கின்றன. 1869இல் ஆங்கிலேயரான தாமஸ் குக் முதன்முதலாகப் பயணிகள் குழுவொன்றை எகிப்துக்கு அழைத்துச் சென்றார். கப்பல் நிற்கும் ஒவ்வொரு துறையிலும் ஒரு கோயில் காத்திருக்கிறது. எட்ஃபுவில் பருந்துத் தலை கொண்ட ஹோரஸின் கோயில். கோம் ஓம்போவில் இரு தெய்வங்களுக்கு ஒரே கூரையின்கீழ் அமைந்த இரட்டைக் கோயில். அஸ்வானுக்கு அருகே ஐசிஸ் தேவியின் ஃபீலே கோயில். எகிப்தியச் சித்திர எழுத்தில் நாளறிய எழுதப்பட்ட கடைசிக் கல்வெட்டு, கி.பி. 394இல் இந்த ஃபீலேயில்தான் பொறிக்கப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் அக்கோயிலின் ஒரு பகுதி புனித ஸ்தேவானின் ஆலயமாயிற்று. அன்று செதுக்கிய சிலுவைகளை அதன் தூண்களில் இன்றும் காணலாம்.

லக்சரில் நதியே எல்லைக்கோடு. கதிரவன் உதிக்கும் கிழக்குக் கரையில் கர்நாக், லக்சர் முதலிய பெருங்கோயில்கள். கதிரவன் மறையும் மேற்குக் கரையில் இறந்தோரின் உலகம். அங்கே வறண்ட மலைகளுக்கு நடுவில், அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டுள்ளன. அதுவே அரசர்களின் பள்ளத்தாக்கு. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துத்தங்காமன் கல்லறை அவற்றுள் மிகச் சிறியவற்றில் ஒன்று. சிறியதிலேயே அத்தனை பொன் என்றால், பெரியவற்றில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பிற்காலத்தில் அப்பள்ளத்தாக்கின் கல்லறைகள் சிலவற்றில் கோப்து கிறிஸ்தவத் துறவியர் தங்கியிருந்தனர். சாவை வெல்ல மன்னர்கள் கட்டிய மாளிகையில், சாவை வென்றவரை நினைத்து ஏழைத் துறவியர் செபித்தது சிந்திக்கத் தக்கது.

இவ்வாறு கல்லறை காணச் செல்வது நம் காலத்துப் புதுமையன்று. உரோமையர் ஆட்சிக் காலத்திலேயே வேடிக்கை பார்க்க வந்தோர் அச்சுவர்களில் தங்கள் பெயர்களைக் கிறுக்கிச் சென்றனர். கிரேக்க, இலத்தீன் மொழிகளில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிறுக்கல்கள் பதிவாகியுள்ளன. அவர்களுக்கு நடுவே நம்மவரும் உண்டு. அப்பள்ளத்தாக்கின் கல்லறைகளில் பழந்தமிழ் எழுத்துகளும் இருப்பதை ஐரோப்பிய அறிஞர் இருவர் கண்டறிந்து, 2026ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த கல்வெட்டியல் கருத்தரங்கில் எடுத்துரைத்தனர். சிகை கொற்றன் என்னும் ஒருவன், தான் வந்து கண்டதை ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் எழுதி வைத்திருக்கிறான்.

அவன் எதற்காக அங்கே சென்றான் என்பதை உய்த்துணரலாம். செங்கடல் கரையிலுள்ள பெரனிகே, குசேர் அல்-காதிம் ஆகிய பழந்துறைகளில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பெரனிகேயின் கோயில் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடியொன்றில் ஏழு கிலோவுக்கும் மேல் மிளகு இருந்தது. சரக்குகள் அத்துறைகளிலிருந்து ஒட்டகங்களில் பாலைவனம் கடந்து, லக்சருக்கு வடக்கேயுள்ள கோப்தோஸ் நகரில் நைல் படகுகளில் ஏறின. வணிகத்தின் பொருட்டு அவ்வழியே சென்ற தமிழன், அரைநாள் ஓய்வில் அரசர்களின் கல்லறைகளையும் எட்டிப் பார்த்தான் போலும்.

நமது கொற்கையும் அவ்வணிக உலகில் அறியப்பட்ட ஊர்தான். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கப் பயண நூல், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளித்தல் நடந்ததைக் குறிப்பிடுகிறது. கூடவே, தண்டனை பெற்ற கைதிகளே அங்கே முத்தெடுத்தனர் என்றும் சொல்கிறது. உரோமைச் சீமாட்டியரின் கழுத்தில் ஒளிர்ந்த முத்துக்குப் பின்னே மூச்சடக்கிய ஒரு கைதி இருந்தான். கல்லறைகளின் கதையும் இதற்கு வேறன்று.

கூலித் தானியம் கேட்டவர்கள்

அரசர்களின் பள்ளத்தாக்கைக் குடைந்தவர்கள் யார்? மலைக்கு இப்பால், இன்று தேர் எல்-மதினா எனப்படும் சிற்றூரில் கல்வெட்டுநரும் ஓவியரும் எழுத்தரும் குடும்பத்துடன் வாழ்ந்தனர். நாணயம் இல்லாத காலம் அது. அவர்களுக்கு மாதக் கூலி கோதுமையும் வாற்கோதுமையுமே. மூன்றாம் இராம்சேசு மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில் இக்கூலி நாள்கணக்கில் தாமதமாயிற்று. பொறுத்துப் பார்த்த தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறி, மன்னர்களின் நினைவுக் கோயில்களுக்குப் பின்னே சென்று அமர்ந்துகொண்டனர். பசியும் தாகமுமே தங்களை அங்கே கொண்டுவந்தன என்றும், உடுக்கத் துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்றும் முறையிட்டனர். இவையெல்லாம் நாணல் தாளொன்றில் எழுதப்பட்டு இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. உலக வரலாற்றில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பர்.

அதே மன்னன் கோயில்களுக்கு அளித்த நிலங்களையும் பொன்னையும் தானியத்தையும் பட்டியலிடும் நாணல் சுருளொன்று இலண்டனில் இருக்கிறது. அதன் நீளம் நாற்பது மீட்டருக்கும் மேல். தெய்வத்துக்குக் கொடுக்கத் தானியம் இருந்தது. தன் கல்லறையைக் குடைந்தவனுக்குக் கொடுக்கத்தான் இல்லை.

விவிலியம் நமக்குக் காட்டும் எகிப்தும் களஞ்சியங்களின் நாடே. யோசேப்பு ஏழு ஆண்டு விளைச்சலைச் சேர்த்து வைத்து மக்களைப் பஞ்சத்திலிருந்து காத்தார். ஆயினும் தானியத்துக்கு ஈடாக மக்கள் தங்கள் நிலத்தையும் உழைப்பையும் பார்வோனுக்கு எழுதிக் கொடுத்ததைத் தொடக்க நூல் மறைக்கவில்லை. விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் எபிரேயர் சுமந்த செங்கல்லும் பார்வோனின் களஞ்சிய நகர்களுக்கே சென்றது. தொடக்க நூல் முடிவதோ, எகிப்தில் பதப்படுத்திப் பேழையில் வைக்கப்பட்ட யோசேப்பின் உடலோடு. அவ்வுடலுக்கு அங்கே நிலையான மாளிகை எழவில்லை. விடுதலை பெற்ற மக்களோடு அவருடைய எலும்புகளும் பாலைவனம் கடந்து புறப்பட்டன; செக்கேமில் அடக்கம் செய்யப்பட்டன.

மூன்றாம் இராம்சேசு ஏறத்தாழ கி.மு. 1155இல் இறந்தான். இந்த ஆண்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பொருநைக் கரையில்

நம் நதியில் பயணக் கப்பல் கிடையாது. ஆனால் ஆறுமுகநேரி நிலையத்தில் திருநெல்வேலி செல்லும் தொடர்வண்டியில் ஏறினால், தாமிரபரணியின் பழைய உலகத்தினூடே அது நம்மை மேற்கே கொண்டுசெல்கிறது. நைல் கப்பலைப் போலவே இவ்வழியிலும் கோயில்கள் வரிசையாய் வருகின்றன. ஆழ்வார்திருநகரியும் திருவைகுண்டமும் வைணவர் போற்றும் நவதிருப்பதிகளுள் அடங்குவன. இறந்தோரின் நிலமும் இவ்வழியிலேயே இருக்கிறது. திருவைகுண்டம் தாண்டிச் சிறிது தொலைவில், ஆற்றின் தென்புறத்து மேட்டில், நூறு ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது ஆதிச்சநல்லூர்.

1876இல் செர்மனியின் யாகோர் அங்கே முதன்முதலில் தோண்டினார்; கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். பின்னர் அலெக்சாந்தர் ரீ 1899 முதல் விரிவாக அகழ்ந்தார். 2004இல் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. பாறைப் பரப்பில் குழி வெட்டி, வாயகன்ற பெரிய மண் தாழியை இறக்கி, இறந்தவரின் எலும்புகளை அதனுள் வைத்து மூடியிருக்கிறார்கள். அருகே இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருள்கள், சிறு கலயங்கள். சிலவற்றில் மெல்லிய பொன் நெற்றிப்பட்டமும் உண்டு. ஆகவே அங்கும் உயர்ந்தோர், எளியோர் என்னும் வேறுபாடு இல்லாமலில்லை. இல்லாத சமத்துவத்தை முன்னோர் மீது ஏற்றிச் சொல்வது வரலாறாகாது. எனினும் மன்னனுக்கென்று ஒரு மலையும் ஏனையோருக்கு வெறும் மணலும் என்று அவர்கள் பிரித்துவிடவில்லை. ஒரே மேடு, ஒரே மண், ஒரே குயவன் வனைந்த தாழி. கணவனை இழந்தவள் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகத் தாழி வனையுமாறு குயவனை வேண்டுவதைப் புறநானூறும் பாடுகிறது.

ஆதிச்சநல்லூர்க் கலயங்களில் நெல்லின் உமியையும் தினை வகையின் உமியையும் ரீ கண்டார். அதே திருவைகுண்டம் வட்டாரத்தைச் சேர்ந்த சிவகளையில், தமிழகத் தொல்லியல் துறை அண்மைக் காலத்தில் அகழாய்வு நடத்தியது. அங்கே ஒரு தாழியினுள்ளிருந்து எடுத்த நெல்லைக் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பினர். அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

மூன்றாம் இராம்சேசு இறந்த காலமும் அதுவே! நைல் கரையில் கல்லறைத் தொழிலாளி கூலித் தானியத்துக்காகப் பசியோடு உட்கார்ந்திருந்த அதே தலைமுறையில், பொருநைக் கரையில் யாரோ ஒருவர், பெயர் தெரியாத தம் உறவினரின் தாழிக்குள் நெல்லை இட்டு மூடினார். மன்னனின் கல்லறையைக் கள்வர் விட்டுவைக்கவில்லை. குருக்கள் அவனுடலைத் தூக்கிச் சென்று வேறோர் இடத்தில் மறைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் அது வெளிப்பட்டது. 2021இல் கெய்ரோவின் புதிய அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாகச் சென்றது. சிவகளையின் நெல்லோ இட்ட இடத்திலேயே இருந்தது. அதைத் திருட எவரும் எண்ணவில்லை.

நமது கல்லறைகள்

ஈண்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், உப்பளத்தில் உழைத்து மாண்ட ஒருவரின் மனைவி, கணவரின் குழிமேட்டைக் கட்டிச் சிலுவை நாட்ட அனுமதி கேட்டு வந்தார். கட்டுவதற்குக் கட்டணம் உண்டு. இல்லையேல் சில ஆண்டுகளில் அக்குழி வேறொருவருக்காகும். அவரிடம் பணமில்லை. நாம் விதியை எடுத்துச் சொன்னோம். “சரி சாமி” என்று போய்விட்டார். அதே ஆண்டில்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் பளிங்கு பதித்த வாயில் எழுப்பி, நன்கொடையாளர் பெயர்களைப் பொறித்தோம். அடுத்த கல்லறைத் திருநாளில் அப்பெண் கையில் ஒற்றை மெழுகுதிரியோடு, கணவர் குழியிருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தூரின் நகரத்து நாணல் தாளின் செய்தியை வாசித்தபோது நம் நினைவுக்கு வந்தது அம்முகமே. பார்வோன் நைல் கரையில் மட்டும் வாழ்ந்தவனல்லன்.

தரப்படாத கூலி இறைவனின் செவிக்கு எட்டும் என்று புனித யாக்கோபு எச்சரித்தார். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் நியாயமான ஊதியத்துக்காகச் சுற்றுமடல் எழுதினார். உப்பையும் மீனையும் நம்பி வாழும் இக்கடற்கரையில் இப்படிப்பினைக்குத் தனி அழுத்தம் உண்டு. ஆனால் உயிரோடு இருப்பவனின் கூலியைப் பற்றிப் பேசும் நாம், இறந்தபின் அவனை எங்கே கிடத்துகிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் பணம் வரிசையைத் தீர்மானிக்கிறது. சில இடங்களில் சாதி சுவரையே எழுப்பிவிட்டது. உயிர்ப்பின் நாளில் அச்சுவரின் இப்பக்கம் எழுவோரும் அப்பக்கம் எழுவோரும் ஒருவரையொருவர் எவ்வாறு எதிர்கொள்வர்?

எகிப்தியர் இறந்தோரின் வழித்துணைக்கென மந்திர நூல்களைப் பேழையில் வைத்தனர். நம் பொருநை கடலில் கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார், 1586இல் ‘அடியார் வரலாறு’ என்னும் நூலைத் தமிழில் அச்சேற்றினார். அதுவும் இறந்தவர்களின் நூல்தான். ஆனால் கல்லறைக்குள் வைக்க அன்று; உயிரோடிருப்பவர் கையில் கொடுக்க.

இறுதியாக, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? நெல் இருக்கிறது. தாழியில் அதை இட்டவர் மறுமையைப் பற்றி என்ன எண்ணினார் என்பதை அவரே அறிவார். ஆனால் நிலத்தில் விழுந்து மடியும் மணியே மிகுந்த பலன் தரும் என்று நம் ஆண்டவர் தமது சாவைக் குறித்துப் பேசியதை நாம் அறிவோம். விதைக்கப்படுவது வெறும் மணியே. அதற்கு உடல் கொடுப்பவர் கடவுள் என்று பவுலடியாரும் கொரிந்தியருக்கு எழுதினார்.

வரும் கல்லறைத் திருநாளுக்குமுன், வெள்ளையடிக்க ஆளில்லாத குழிமேடு ஒன்றைத் தேடிக் கண்டு அதன் களையைப் பறிக்குமாறு நம் வாசகரை வேண்டுகிறோம். அந்தப் பெரியவரையும் அழைத்திருக்கிறோம். முந்திய பங்கின் அந்தக் குழியைத் தேடி நாமும் ஒருநாள் செல்லவேண்டும். இடம் தெரியாதுதான், எனினும் அம்மண்ணில் நின்று அவர் பெயரைச் சொல்லியாவது செபிக்கலாம்.