சிவப்பு ஐ.சி.

மலேசியத் தமிழர்கள் 'அடையாள அட்டை' என்று எழுதுவார்கள். பேச்சில் அது ஐ.சி.தான். வேலை கேட்டுப் போனால், சிம் கார்டு வாங்கினால், ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்தால், ராத்திரி ரோந்துப் போலீஸ் நிறுத்தினால், எல்லா இடத்திலும் "ஐ.சி. இருக்கா?" என்பதுதான் முதல் பேச்சு. இருக்கிறது என்றால் போதாது, என்ன கலர் என்று பார்ப்பார்கள். நீலம் குடிமகனுக்கு, சிவப்பு நிரந்தரவாசிக்கு, பச்சை தற்காலிகவாசிக்கு. ஒரே லயத்து வீட்டில் அப்பாவுக்கு நீலமும் அம்மாவுக்குச் சிவப்பும் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லாமலும் இருந்த குடும்பங்கள் உண்டு.

இந்த அட்டை பிறந்ததே சந்தேகத்தில். 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது. அதே ஆண்டு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் கொடுத்து அட்டை எடுக்க வேண்டும் என்று ஆணை. காட்டுக்குள் இருப்பவன் போட்டோ பிடிக்க ஊருக்குள் வர மாட்டான். ஆகவே கையில் அட்டை இல்லாதவன் கெரில்லா. கணக்கு அவ்வளவுதான். கெரில்லாக்களுக்கும் அது புரிந்துவிட்டது. தோட்டங்களில் புகுந்து தொழிலாளிகளின் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அட்டையைக் கொடுத்தால் போலீஸ் பிடிக்கும், மறுத்தால் காட்டுக்காரன் அடிப்பான். பால்மரம் வெட்டப் போகிற சனம் நடுவில் மாட்டிக்கொண்டது.

1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபோது ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தமிழர்களைத் தோட்டத்துக்குள்ளேயே ஓரிடத்தில் குவித்து வேலி போட்டார்கள். சோறு காட்டுக்குப் போய்விடும் என்ற பயத்தில், வேலைக்குப் போகிறவர்கள் மதியச் சாப்பாடு கொண்டுபோகக்கூடத் தடை இருந்தது. வாசலில் அட்டையைக் காட்ட வேண்டும், பையையும் காட்ட வேண்டும்.

1957 ஆகஸ்ட் 31 அன்று சுதந்திரம் வந்தது. அன்றைக்குப் பிறகு அந்த மண்ணில் பிறந்த குழந்தை தானாகவே குடிமகன். 1962-இல் அந்தச் சலுகையையும் சுருக்கினார்கள். முன்பே பிறந்தவர்களில் பலர் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. முதல் ஓராண்டு மலாய் மொழித் தேர்வுகூடக் கிடையாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவன், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போய் பாரம் நிரப்ப வேண்டுமே. பலர் போகவில்லை. இதை அவர்களின் அசட்டை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. வாசலில் காட்ட ஒரு அட்டை கையில் இருந்தது, அது வேறு இது வேறு என்று யார் போய்ச் சொன்னார்கள்?

வித்தியாசம் 1969-க்குப் பிறகு தெரிந்தது. மே கலவரம் முடிந்ததும், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்ற சட்டத்தை இறுக்கினார்கள். சிவப்பு ஐ.சி. வைத்திருந்த தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். மலாயாவில் பிறந்தவர்கள், அப்பன் சொல்லக் கேட்டு மட்டுமே அறிந்த ஊருக்குத் 'திரும்பினார்கள்'.

மைகார்ட் 2001 செப்டம்பரில் வந்தது. மகாதீரின் மல்ட்டிமீடியா சூப்பர் காரிடார் கனவின் ஒரு துண்டு அது. சில்லுக்குள் இரண்டு கட்டைவிரல் ரேகை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் விவரம், மருத்துவக் குறிப்பு, சுங்கச்சாவடிக்குக் காசு. இதில் பலவற்றைச் சனங்கள் தொடவே இல்லை. மேலே 12 இலக்க எண்: பிறந்த தேதி ஆறு இலக்கம், பிறந்த இடம் இரண்டு (பேராக்குக்கு 08, சிலாங்கூருக்கு 10), மிச்சம் நான்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். முஸ்லிம் என்றால் அட்டை முகத்திலேயே 'இஸ்லாம்' என்று அச்சாகும். அந்த ஒரு சொல்லை நீக்கக் கேட்டு லீனா ஜாய் என்ற பெண் உச்ச நீதிமன்றம் வரை போய், 2007-இல் இரண்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பில் தோற்றார்.

சில்லு எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும், அதற்குள் என்ன போடுவது என்று சொல்வது ஒரு தாள், பிறப்புப் பத்திரம். தோட்டத்து ஆட்கள் 'சூராட் பெரானாக்' என்று மலாய்ப் பெயராலேயே சொல்வார்கள். சிக்கல் முளைப்பது அங்கேதான். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடிச் சாப்பிட்டிருக்கும். சட்டத்தின் கண்ணில் அது கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் பிள்ளை முறை தவறிப் பிறந்தது. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு அரசியல் சாசனப்படி தாயின் நிலைதான். தாய் வெளிநாட்டவர் என்றால், நீல ஐ.சி. அப்பன் பக்கத்திலேயே நின்று "எம்புள்ளைதாங்க" என்றாலும் பயன் இல்லை. அவசரகாலத்தில் போட்ட வேலியைவிட இது பொல்லாதது, கண்ணுக்குத் தெரியாது.

இதே நாட்டில் சபா மாநிலத்தில் கதை தலைகீழ். அங்கே வெளிநாட்டார் கையில் நீல ஐ.சி. எப்படி வந்தது என்று விசாரிக்க அரச விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது. காசுக்காகச் செயல்பட்ட கும்பல்களையும் ஊழல் அதிகாரிகளையும் கைகாட்டி 2014 இறுதியில் அதன் அறிக்கை வெளியானது.

தீபகற்பத்தில் ஆவணமற்ற இந்தியர்கள் எத்தனை பேர் என்பதில் ஒருபோதும் ஒற்றுமை இல்லை. தேர்தல் மேடையில் மூன்று லட்சம் என்பார்கள், அரசுக் கணக்கில் சில ஆயிரமாகச் சுருங்கும். 2011-இல் 'மைடஃப்தார்' என்று முகாம் போட்டு விண்ணப்பம் வாங்கினார்கள், 2017-இல் மறுபடியும். 2018-இல் ஆட்சி மாறியதும் மகாதீர் ஓர் எண்ணை அறிவித்தார்: சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும், 60 வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்கு, மலாய் மொழித் தகுதி போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால், குடியுரிமை. 2018-இல் 60 வயது என்றால் 1958-இலோ அதற்கு முன்போ பிறந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டின் சுதந்திரத்தைவிட வயதில் மூத்தவர்கள்.