தென்னமரம் தோட்டத்து நீண்ட கை

'டியஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்' (2011) விளையாட்டில் இயந்திரக் கை பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர், உடல் அதை ஏற்றுக்கொள்ள ஓயாமல் மருந்து போட்டுக்கொள்ள வேண்டும். சாதாரண உழைப்பாளி அப்படியொரு கையை விரும்புவாரா? மலேசியாவின் கோலசிலாங்கூர் தோட்டங்களில் இந்தக் கேள்விக்கு நூறாண்டு வயது.

1917-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே, பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவருக்குப் பட்டை கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. செம்பனையோ ஆண்டுக்காண்டு வளரும். குலையும் மேலே போய்க்கொண்டே இருக்கும். இளமரத்துக்கு உளி போதும். உயர்ந்த மரத்துக்கு மூங்கில் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டினார்கள். பிறகு அலுமினியக் குழாய் வந்தது. கை நீண்டது, கழுத்தும் தோளும் மட்டும் பழையவைதான். அண்ணாந்து நின்று, இருபது கிலோவையும் தாண்டக்கூடிய குலை எந்தப் பக்கம் விழும் என்று ஒவ்வொரு முறையும் கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பை எந்தக் கழியும் செய்து தரவில்லை.

பின்னர் மலேசிய செம்பனை வாரியம் 'சந்தாஸ்' என்ற மோட்டார் அரிவாளை உருவாக்கியது. அறுக்கும் வலு மோட்டாருடையது, எடையும் அதிர்வும் தோளுக்கு. அறுவடை அளவுக்கேற்பக் கூலி வாங்குபவர் அந்த வேகத்தை மறுப்பது கடினம். ஆனாலும் வேலை முடிந்ததும் அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பலாம்.