மாமாவோட டிராக்ஸும் ஒரு மெர்சிடிஸ் வேகனும்

இந்த எபிசோட் ஒரு சத்தத்துல ஆரம்பிக்குது.

சின்ன வயசுல குலதெய்வம் கோயிலுக்குப் போகணும்னா மாமா ஒரு டெம்போ டிராக்ஸ் எடுத்துட்டு வருவார். எதிரெதிர் சீட்டுல 14 பேர், நடுவுல ரெண்டு அண்டா, ஒரு சேவல். வண்டி தெருமுனை திரும்பும்போதே அந்தக் கடகட சத்தம் வீட்டுக்குள்ள கேட்கும். கொஞ்ச நாள் முன்னாடி 1980-கள்ல வந்த மெர்சிடிஸ் 300டிடி வேகனோட வீடியோ ஒண்ணு பார்த்தேன். ஸ்டார்ட் பண்ணதும், "அட, இது மாமா வண்டி சத்தமாச்சே!"ன்னு தோணுச்சு.

தேடிப் பார்த்தா, காது பொய் சொல்லல. டிராக்ஸ்ல இருந்தது மெர்சிடிஸோட ஓஎம்616 வழியில வந்த 4 சிலிண்டர் டீசல். பஜாஜ் டெம்போ, அதாவது இன்னைக்கு ஃபோர்ஸ் மோட்டார்ஸ், இந்தியாவுல தயாரிச்ச இன்ஜின். அந்த வேகன்ல இருந்தது ஓஎம்617. அதே குடும்பம், ஒரு சிலிண்டர் கூட, அவ்வளவுதான். ஒண்ணு 2.4 லிட்டர், இன்னொண்ணு 3 லிட்டர்.

ஸ்டேஷன் வேகன்னா முன்னாடி சாதாரண கார், பின்னாடி டிக்கிக்குப் பதிலா கூரை கடைசி வரைக்கும் நீண்டிருக்கும். குடும்பம், நாய், மூட்டை முடிச்சு எல்லாம் ஒரே வண்டியில. இதுல எதுக்கு டீசல் வந்துச்சு? 1973 எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் பங்க்ல வரிசை நின்ன அமெரிக்கா, 1975-ல ஒரு சட்டம் போட்டுச்சு. 1978 மாடல்ல இருந்து ஒவ்வொரு கம்பெனியும் விக்கிற கார்களோட சராசரி மைலேஜ் ஒரு அளவைத் தாண்டணும். பெரிய வண்டி விக்கிறவங்களுக்கு சீக்கிரமா மைலேஜ் வேணும். டீசல் கண்ணுல பட்டுச்சு.

ஜெனரல் மோட்டார்ஸோட ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு 1978-ல 5.7 லிட்டர் வி8 டீசல் கொண்டு வந்துச்சு. 'கஸ்டம் க்ரூஸர்' வேகன்லயும் அது கிடைச்சுது. பிளாக்கை நல்லா கனமாத்தான் வார்த்தாங்க. சிக்கல் ஹெட்ல. பெட்ரோல் வி8 செய்ற அதே மெஷின் லைன்லயே இதையும் செய்யணும்னு, ஹெட் போல்ட் எண்ணிக்கையையும் இடத்தையும் மாத்தாம வெச்சுட்டாங்க. ஒரு ஹெட்டுக்கு 10 போல்ட். பெட்ரோல் இன்ஜின்ல கம்ப்ரஷன் எட்டு, ஒன்பது மடங்கு. இந்த டீசல்ல 22.5 மடங்கு. போல்ட் தாங்கல. கேஸ்கெட் போச்சு, கூலன்ட் சிலிண்டருக்குள்ள இறங்குச்சு. தண்ணியை அழுத்த முடியாதுல்ல? கனெக்டிங் ராடு வளைஞ்சுது.

இன்னொரு மிச்சம் பிடிக்கிற வேலையும் நடந்துச்சு. டீசல்ல கலந்திருக்கிற தண்ணியைப் பிரிக்கிற ஃபில்டரை வைக்கல. இன்ஜெக்ஷன் பம்ப் துருப்பிடிச்சுது. பெட்ரோல் வண்டி பழக்கத்துல சிலர் தண்ணி போகட்டும்னு டேங்க்ல ஆல்கஹால் ஊத்தினாங்க. அது பம்ப்போட சீலையே கெடுத்துச்சு.

அப்புறம் நடந்ததுதான் இந்தக் கதையோட முதல் பெரிய இன்ஜின் மாற்றம். வெளி அளவும் மவுண்ட்டும் ஒண்ணுங்கறதால, ஓல்ட்ஸ் பெட்ரோல் வி8 அப்படியே உள்ள உட்காரும். ஊர் ஊரா டீசலைக் கழட்டி பெட்ரோலை மாட்டினாங்க. கழட்டினதுல இருந்த கனமான பிளாக்கை ரேஸ்காரங்க தேடி வாங்கி, பெட்ரோல் ரேஸ் இன்ஜினா மாத்தினாங்க. 1985-ல உற்பத்தி நின்னுச்சு. டீசல் கார்னாலே அமெரிக்கர்கள் பல வருஷம் முகம் சுளிச்சாங்க.

அதே காலத்துல மெர்சிடிஸ் என்ன பண்ணுச்சு? 617 வந்தது 1974-ல, பல வருஷமா டாக்ஸில ஓடின 4 சிலிண்டர் டீசலை நீட்டி. அவங்களும் பழசைத்தான் மறுபடி பயன்படுத்தினாங்க. ஆனா அது முதல்ல இருந்தே டீசலுக்குன்னு பொறந்த டிசைன். 1978-ல இதை ஒட்டின ஒரு டர்போ டீசலை சி111 சோதனை காருக்குள்ள வெச்சு, இத்தாலியோட நார்தோ டிராக்ல 300 கி.மீ. வேகத்துக்கு மேல ஓட்டி உலக சாதனை பண்ணாங்க. அதுக்கப்புறம் 300டிடி வேகனுக்கும் டர்போ வந்துச்சு, 125 குதிரைத்திறன்.

இன்னைக்கு அந்த வேகன் வெச்சிருக்கறவங்க நடுவுல ஓயாத சண்டை ஒண்ணு இருக்கு: 617-ஐ வெச்சுக்கறதா, ஓஎம்606 மாட்டறதா? 606-ங்கறது 1990-களோட 6 சிலிண்டர், 24 வால்வு. டர்போவோட 177 குதிரைத்திறன். ஆனா அதோட பம்ப் எலக்ட்ரானிக். அதனால பழைய 603 இன்ஜினோட மெக்கானிக்கல் பம்ப்பை அதுல பொருத்தறாங்க. கம்ப்யூட்டரே வேண்டாம்னு! என் பொழப்பு அதுலதான், இருந்தாலும் சிரிச்சுட்டேன்.

அதோட வேலை முடியல. இந்த வண்டியில சாவியை அணைச்சா கரண்ட் நின்னு இன்ஜின் நிக்கறதில்ல. வாக்குவம் போய் பம்ப்பை மூடும். கதவு லாக் கூட வாக்குவம்தான். பின்னாடி எவ்வளவு சுமை ஏத்தினாலும் வண்டியை மட்டமா வைக்கிற ஹைட்ராலிக் பம்ப்பை ஓட்டறதும் இன்ஜின்தான். இன்ஜினைத் தூக்கினா இதுக்கெல்லாம் புது வழி பார்க்கணும். பழைய கோட்ல ஒரு ஃபங்ஷனை அழிச்சா எங்கெங்கயோ ஏழு இடம் உடையுமே, அதே கதை.

என் கட்சி இதுதான்: ஓடுற 617-ஐ கழட்டாதீங்க. செத்துப்போன இன்ஜினா, தாராளமா மாத்துங்க. ஆனா கழட்டினதை காயலான் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. ஓல்ட்ஸ் வேகன்கள்ல டீசலை அப்படித் தூக்கினதால, அசல் டீசலோட மிச்சம் இருக்கிற வண்டி இன்னைக்கு அபூர்வம். 10 போல்ட்ல மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கம்பெனி எங்க சறுக்குச்சுங்கறதுக்கு சாட்சி அந்த இன்ஜின்தான். தோத்த டிசைனும் வரலாறுதானே.

மாமா டிராக்ஸை எப்பவோ வித்துட்டார். இந்த எபிசோட் ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணி, "மாமா, உங்க வண்டியில மெர்சிடிஸ் இன்ஜின்தான் இருந்துச்சு, தெரியுமா?"ன்னு கேட்டேன். "மாப்ள, மெக்கானிக் அன்னைக்கே சொன்னான். உங்கிட்ட சொன்னா நீ அப்ப நம்பியிருப்பியா?"ன்னார்.

உங்க வீட்டுல, ஊர்ல இன்ஜின் மாத்தின பழைய வண்டி இருந்தா, அதுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பெரியவங்ககிட்ட கேட்டு வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!