தடித்த எஃகுத் தகடும் ஓடிப்போகும் சூடும்

மெல்லிய தகரத்தை வெல்டிங் செய்பவருக்கு ஒரே பயம்தான்: சூடு கூடினால் ஓட்டை விழுந்துவிடும். இரண்டு அங்குலத் தகட்டை வெல்டிங் செய்பவருக்கு இதற்கு நேர்மாறான பயம். வைத்த சூடு நிற்காது. சுற்றிலும் இருக்கும் குளிர்ந்த எஃகு அதை நொடியில் உறிஞ்சிவிடும். தடித்த தகடுகளை இணைத்த வரலாறு முழுவதும் இந்தச் சூட்டோடு நடந்த போராட்டம்தான். நடுவில் சில பாலங்களும் உடைந்தன!

1930களுக்கு முன் பெரிய பாலம் என்றால் ரிவெட் அடித்ததுதான். வெல்டிங் வந்ததும் எடையும் குறைந்தது, செலவும் குறைந்தது. பெல்ஜியத்தில் ஆல்பர்ட் கால்வாயின் மேல் வெல்டிங் செய்த பாலங்கள் வரிசையாக எழுந்தன. அவற்றில் ஒன்று ஹாசெல்ட் நகரில் இருந்தது. திறந்து ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகியிருந்தபோது, 1938 மார்ச் 14 அன்று பெரிய சத்தத்தோடு அதன் அடிப்பகுதியில் விரிசல் விட்டது. சில நிமிடங்களில் பாலமே உடைந்து கால்வாயில் விழுந்தது.

எஃகு வளைந்து, நெளிந்து, எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தானே உடைய வேண்டும்? கண்ணாடி போல ஏன் உடைந்தது?

காரணம் ஒன்றல்ல. முதலாவது, வேகமாகக் குளிரும் எஃகு இணைப்பின் ஓரத்தில் கடினமாகி, நொறுங்கும் தன்மை பெறுகிறது. இரண்டாவது, உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கப் பார்க்கிறது. தடித்த தகடு அசைந்து கொடுக்காது. அதனால் அந்த இழுவிசை உள்ளேயே பூட்டப்பட்டுவிடுகிறது. மூன்றாவது, அந்தக் காலத்து எஃகே வெல்டிங்கை மனதில் வைத்துத் தயாரித்தது அல்ல. இவற்றோடு ஹைட்ரஜனும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வெல்டிங் ராடின் பூச்சில் ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து விரிசலைத் தூண்டும்.

இதற்கான வைத்தியம் இன்று எல்லாப் பட்டறைகளிலும் தெரிந்ததுதான். வெல்டிங் தொடங்கும் முன்பே தகட்டைச் சுமார் 100 முதல் 150 டிகிரி வரை சூடாக்குவார்கள். ஹைட்ரஜன் குறைந்த ராடுகளை அடுப்பில் உலர்த்திப் பயன்படுத்துவார்கள். ஒரே பக்கம் நிரப்பாமல் இரு பக்கமும் மாற்றி மாற்றி அடுக்கடுக்காகப் போடுவார்கள். தேவைப்பட்டால் கடைசியில் உலையில் வைத்து 600 டிகிரி அளவில் சூடாக்கி, உள்ளே பூட்டிய இழுவிசையைத் தளர்த்துவார்கள்.

ஆனால் நேரம்? இரண்டு தகடுகளுக்கு நடுவே 'வி' வடிவப் பள்ளம் வெட்டினால், தடிமன் இரண்டு மடங்காகும்போது நிரப்ப வேண்டிய உலோகம் நான்கு மடங்காகிறது. கையால் ராடு பிடித்து எத்தனை நாள் நிரப்புவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் யெவ்ஹென் பாட்டோன். 1870-இல் பிறந்த இவர் பாலப் பொறியாளர். வெல்டிங் பக்கம் திரும்பியபோது வயது அறுபதை நெருங்கியிருந்தது! 1934-இல் கீவ் நகரில் மின் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். ஃபிளக்ஸ் பொடிக்கு அடியில் மின்வில் எரிய, கம்பி தானாகவே இறங்கிவரும் தானியங்கி முறையை அங்கே வளர்த்தெடுத்தார்கள். பொடியும் உருகிய கசடும் போர்வை போல மூடிக்கொள்வதால் சூடு சட்டென்று ஓடாது. இரண்டாம் உலகப் போரில் டி-34 டாங்கிகளின் கவசத் தகடுகள் இந்த முறையில்தான் இணைக்கப்பட்டன. போருக்குப் பின் கீவில் தினிப்ரோ ஆற்றின் மேல் 1,543 மீட்டர் நீளத்துக்கு முழுவதும் வெல்டிங் செய்த பாலம் எழுந்தது. 1953 நவம்பர் 5 அன்று அதைத் திறந்தார்கள். பாட்டோன் அதைப் பார்க்கவில்லை. ஆகஸ்ட்டிலேயே இறந்துவிட்டார். பாலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அதே நிறுவனத்தில் 1949 வாக்கில் இன்னொரு முறை பிறந்தது: எலெக்ட்ரோஸ்லாக் வெல்டிங். தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தி, இடைவெளியின் இரு பக்கமும் நீரால் குளிரும் செம்புக் கட்டைகளை வைத்து மூட வேண்டும். நடுவில் உருகிய கசடு. மின்சாரம் அதன் வழியே பாய்ந்து கொதிக்க வைக்க, கம்பி உருகிக் கீழிருந்து மேலாக நிரம்பும். பள்ளம் வெட்டும் வேலை இல்லை. எவ்வளவு தடிமனானாலும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்!

சூட்டை வென்றாகிவிட்டது என்றுதான் தோன்றியது. ஆனால் இப்போது பிரச்சினை தலைகீழானது. இணைப்பு மிக மெதுவாகக் குளிர்ந்ததால் உலோகத்தின் மணிகள் பெரிதாகி, தாங்கும் திறன் குறைந்தது. பாய்லர் டிரம் போன்றவற்றை மறுபடி உலையில் வைத்து இதைச் சரிசெய்யலாம். பாலத்தின் நீண்ட உத்தரத்தை எந்த உலையில் வைப்பது? 1977-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் அருகே ஒரு புதிய நெடுஞ்சாலைப் பாலத்தின் உத்தரம் விரிசல் விட்டது. விரிசல் தொடங்கியது எலெக்ட்ரோஸ்லாக் இணைப்பில். இழுவிசை தாங்கும் முக்கியப் பாகங்களில் இந்த முறைக்கு அந்நாட்டு நெடுஞ்சாலை நிர்வாகம் அதே ஆண்டு தடை போட்டது. இடைவெளியைக் குறுக்கிச் சூட்டைக் குறைத்த பிறகு, 2000-இல்தான் தடை நீங்கியது.

சூடு சீக்கிரம் ஓடினாலும் ஆபத்து, அளவுக்கு மீறித் தங்கினாலும் ஆபத்து. அதோடு, ஹைட்ரஜன் விரிசல் உடனே வெளியே தெரியாது. அதனால்தான் முக்கியமான தடித்த இணைப்புகளை முடித்த கையோடு சோதிக்காமல், 48 மணி நேரம் வரை காத்திருந்து அல்ட்ராசோனிக் கருவியால் பார்க்கிறார்கள். வெல்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும், அந்த எஃகுக்குள் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது.