தனி அட்டை இல்லாத கணினி

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை ஒட்டி, கோமுகி ஆற்றுப் பாசனத்தையும் கரும்பையும் சார்ந்து வாழும் வடக்கனந்தல் பேரூராட்சி, கணினியின் வரலாற்றை எழுதுவோர் நினைத்துப் பார்க்கும் ஊர் அன்று. ஆயினும் மேசைக் கணினி யாருக்காக மலிவாயிற்று, அந்த மலிவு எந்த அளவுகோலால் மதிப்பிடப்பட்டது என்ற வினாக்களுக்கு விடை தேட வேண்டிய இடம் இத்தகைய ஊர்களின் கடைத்தெருவே ஆகும். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஜெராக்ஸ் கடையும், தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்துதரும் டிடிபி மையமும், போட்டோ ஸ்டுடியோவும், கூட்டுறவுச் சங்க அலுவலகமும் கணினியை முன்னதாக ஏற்றுக்கொண்டன; அவற்றுள் எதற்கும் முப்பரிமாண விளையாட்டு தேவைப்படவில்லை என்றாலும், திரையில் எழுத்தும் படமும் தெளிவாகத் தெரிய வேண்டிய தேவை அனைத்துக்கும் இருந்தது.

கணினியின் கணக்கு வேலைகளைச் செய்வது செயலி. அதன் விடைகளைத் திரைக்குரிய புள்ளிகளாக மாற்றித் தருவது வரைகலைச் சில்லு. 1990களில் இந்தச் சில்லு பெரும்பாலும் தனி அட்டையாக வந்து, தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், செருகப்பட்டது. அந்த அட்டையின் விலையை ஒழித்துவிட்டால் கணினியின் மொத்த விலையும் குறையும் என்ற எண்ணத்தில், சைரிக்ஸ் நிறுவனம் 1997இல் வரைகலையையும் ஒலியையும் செயலியிலேயே சேர்த்த மீடியாஜிஎக்ஸ் என்னும் சில்லை வெளியிட்டது. காலத்தை முந்திய முயற்சிதான். ஆனால் அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட பலகையில்தான் அது இயங்கும் என்பதால், பின்னாளில் வேகமான செயலியை மாற்றிப் பொருத்தும் வழி அதை வாங்கியவருக்கு இல்லாமல் போயிற்று.

இன்டெல் வேறு வழியில் சென்றது. 1998இல் செலரான் என்ற மலிவுச் செயலியை விற்கத் தொடங்கிய அந்நிறுவனம், 1999இல் 810 என்ற துணைச் சில்லுத் தொகுதியைக் கொண்டுவந்து, வரைகலையைச் செயலியில் அல்லாமல் தாய்ப்பலகையில் சேர்த்தது. இத்தகைய வரைகலைக்குத் தனக்கென முழு நினைவகம் இல்லை. கணினியின் பொது நினைவகமான ராமிலிருந்தே அது கடன் வாங்குகிறது. அகலவாக்கில் 1024, உயரவாக்கில் 768 புள்ளிகள் கொண்ட ஒரு திரையை, புள்ளி ஒன்றுக்கு 3 பைட் நிறத்துடன், நொடிக்கு 85 முறை புதுப்பிக்க வேண்டுமானால், திரையைக் காட்டிக்கொண்டிருப்பதற்கு மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 200 எம்பி தரவு ராமிலிருந்து ஓட வேண்டும். அக்காலத்து பிசி100 வகை ராமின் உச்ச வேகமே நொடிக்கு 800 எம்பி என்பதால், நான்கில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. 810 பலகைகளில் ஏஜிபி என்ற வரைகலை அட்டைச் செருகுவாய் இல்லாததால் இந்தக் குறையைப் பின்னர் சரிசெய்யவும் இயலவில்லை. 2000இல் வந்த 815 தொகுதியே அந்தச் செருகுவாயைத் திரும்பத் தந்தது. வரைகலையையும் நினைவகக் கட்டுப்பாட்டையும் செயலிக்குள் கொண்டுவரவிருந்த டிம்னா என்ற தன் மலிவுத் திட்டத்தை இன்டெல் அதே ஆண்டில் கைவிட்டது.

இதே காலத்தில் இந்தியாவிலும் கணினியின் விலை இறங்க வழி பிறந்தது. இந்தியா 1997இல் உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் சேர்ந்து, கணினிப் பொருள்கள் மீதான சுங்க வரியைப் படிப்படியாகக் குறைத்து, 2005க்குள் நீக்கியது. புதுச்சேரியில் ஆலை நடத்திய ஹெச்சிஎல் நிறுவனம் 2005இல் 9,990 ரூபாய்க்கு லினக்ஸ் இயங்கும் கணினி ஒன்றை அறிவித்தது. ஆனால் சிற்றூர்க் கடைகளின் மேசைக்குப் பெரிதும் வந்தவை பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டிகள் அல்ல. சென்னை ரிச்சி தெரு போன்ற, வானொலி உதிரிப்பொருள் வணிகத்திலிருந்து கணினிக்கு மாறிய சந்தைகளிலிருந்து பாகங்களை வாங்கி, உள்ளூர்த் தொழில்நுட்பர் பூட்டித்தந்த 'அசெம்பிள்டு' கணினிகளே அவை. விலைப்பட்டியலின் ஒவ்வொரு வரியையும் வாடிக்கையாளரோடு அமர்ந்து பேசி முடிவு செய்த அந்தத் தொழில்நுட்பரே இவ்வட்டாரங்களில் செயலியின் உண்மையான மதிப்பீட்டாளராக இருந்தார் என்று கூறுவது மிகையன்று. தனி வரைகலை அட்டையை நீக்கி மிச்சமான பணம் கூடுதல் ராமாகவோ யுபிஎஸ் ஆகவோ மாறியது.

மின்தடையின்போது மின்கலத்தால் கணினியை ஓட்டும் யுபிஎஸ் இந்த வரலாற்றில் சிறிய செய்தி அன்று. 2008 முதல் பல ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டி, 2012இல் உச்சத்தை எட்டிய மின்வெட்டு, சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் நீடித்தபோது, கணினியின் ஒவ்வொரு வாட்டும் எண்ணப்பட வேண்டியதாயிற்று. தனி வரைகலை அட்டை பல பத்து வாட் கூடுதலாக இழுக்கும். அது இல்லாத கணினி அதே மின்கலத்தில் கூடுதல் நிமிடங்கள் ஓடும். அந்த நிமிடங்களில்தான் பாதி தட்டச்சான திருமண அழைப்பிதழ் சேமிக்கப்படும். மேலைநாட்டு மதிப்புரைகள் விளையாட்டில் நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் ஓடின என்று அளந்துகொண்டிருந்த காலத்தில், இங்கே செயலியின் தகுதியைத் தீர்மானித்தவை வெப்பமும் மின்செலவும் விலையுமே. அந்த அளவுகோல் எவ்வகையிலும் தாழ்ந்தது அன்று.

இதற்கிடையே சில்லின் அமைப்பு அடியோடு மாறியது. இன்டெல் 2010 ஜனவரியில் செயலியையும் வரைகலையையும் ஒரே உறைக்குள் இரு தனிச் சில்லுகளாக வைத்தது; 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் இரண்டும் ஒரே சிலிக்கான் துண்டாயின. வரைகலை நிறுவனமான ஏடிஐயை 2006இல் விலைக்கு வாங்கிய ஏஎம்டியும் 2011இலேயே அதைச் செய்தது. எனினும், மலிவு விலையில் வேகமும் உண்டு என்ற நிலை 2018 பிப்ரவரியில் வந்த ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி செயலியோடுதான் உறுதிப்பட்டது. 99 டாலர் விலையும், நான்கு கருக்களும் (கோர்), வேகா 8 வரைகலையும், 65 வாட் வெப்ப வரம்பும் கொண்ட அது, ஜிடி 1030 என்ற மலிவு வரைகலை அட்டையின் தனித் தேவையையே கேள்விக்குள்ளாக்கியது.

அந்த ஒப்பீட்டுக்குள் ஒரு பாடம் அடங்கியுள்ளது. ஜிடி 1030 அட்டையின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2200ஜி ஏற்கும் 2933 வேக ராம் அட்டைகள் இரண்டை இணையாகப் பொருத்தினால் கிடைப்பது ஏறத்தாழ 47 ஜிபி. ஒரே ராம் அட்டையைப் பொருத்தினால் அது பாதியாகிவிடும். அதே ஆண்டில் ஜிடி 1030 நினைவக வேகம் 16.8 ஜிபியாகக் குறைக்கப்பட்ட வடிவில் விற்கப்பட்டபோது, அதன் விளையாட்டு வேகம் ஏறத்தாழ பாதியாகச் சரிந்ததே வரைகலையின் வலிமை பெருமளவு நினைவகத்தின் வலிமையே என்பதற்குச் சான்றாயிற்று. 1999இன் 810 பலகைக்குப் பொருந்திய கணக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை. மேலும், வரைகலை தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் பங்கு போக எஞ்சுவதே பிற வேலைகளுக்கு என்பதால், 4 ஜிபி ராமோடு இத்தகைய செயலியை விற்பது வாங்குபவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய காலத்தில், சாதிச் சான்று, வருமானச் சான்று, தேர்வு விண்ணப்பம் ஆகிய யாவும் கணினி வழியே நகரத் தொடங்கியிருந்தன; கல்வராயன் மலையின் பழங்குடி மாணவருக்குக்கூட அவற்றைப் பெறும் வழி இ-சேவை மையத்தின் மேசைக் கணினியாயிற்று. அந்த மேசைக்குத் தனி வரைகலை அட்டை தேவையில்லை. உள்ளிணைந்த வரைகலை கொண்ட மலிவுச் செயலியே போதும். ஆனால் அதை வாங்குவோர் விலையைக் குறைக்கும் ஆவலில் ஒரே ராம் அட்டையோடு நின்றுவிடாமல், ராமை 4 ஜிபி அட்டைகள் இரண்டாகப் பிரித்துப் பொருத்தித் தருமாறும், பழைய ஹார்டு டிஸ்கிற்குப் பதிலாக எஸ்எஸ்டி வைக்குமாறும் கடைக்காரரிடம் கேட்டுப் பெற வேண்டும்.